பத்தாம் நாள், பீல் நகரம்

நாற்பது பூனைகள்.
இருபதுக்கு நைலான், தனித்தனி முடிச்சு:
மழித்த வயிற்றில்
கறுத்த எறும்புகள் வரிசை கட்டி நின்றதுபோல.
மற்ற இருபதுக்குக் கரையும் நூல்.
தோலுக்கடியில் வளைந்து வளைந்து ஓடி
முடிச்சையும் உள்ளேயே புதைத்துக்கொள்ளும்.
வெளியில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

என் வேலை எண் போடுவது.
சிவப்பு, பூச்சியம் முதல் மூன்று வரை.
வீக்கம், அதேபோல.
கசிவு. விளிம்பு விலகல்.
எது எந்தத் தையலென்று
எனக்குத் தெரியக்கூடாதாம்.
எறும்பு நிற்கிற வயிற்றைக் கண் கண்டுபிடிக்காதா?
டாக்டர் ஏபர்ஹார்ட் தோளைக் குலுக்கினார்:
'நேர்மையாகப் போடு, நிரோஜினி.'

பதினேழாம் பூனை முதல் இரவே
கழுத்துக் கூம்பை உதறிக் கழற்றி
மூன்று முடிச்சைக் கடித்தெடுத்தது.
இரண்டு கூண்டுக்குள் கிடந்தன.
ஒன்றைத் தேடித் தேடிக் காணோம்.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்:
கோபம், மூன்று.

மதாம் ழன்ரே கடிகாரத் தொழிற்சாலையிலிருந்து
நேரே வந்திருந்தாள்.
சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்துக்
கண்ணில் செருகித் தன் பூனையின் வயிற்றில் குனிந்தாள்.
'நாலாவதும் ஐந்தாவதும் நெருங்கிப்போச்சு.'
அளந்தேன். அரை மில்லிமீட்டர்.
அவள் சொன்னது பிரெஞ்சில்.
டாக்டருக்கு ஜெர்மன் மட்டும்.
நான் மொழிபெயர்க்கவில்லை.

எனக்குப் பதினொரு கம்பி போட்டிருந்தார்கள்.
எடுக்கிறபோது ஒவ்வொன்றும் தட்டில் விழுந்து
டிங்கென்றது.
எட்டுவரை எண்ணினேன்,
பிறகு பிள்ளை அழுதுவிட்டாள்.

பத்தாம் நாள் பனி கொட்டியது.
நைலான் பூனைகள் நூல் வெட்ட வரவேண்டும்,
மற்றவை படம் அனுப்பினால் போதும்.
ஆனாலும் ஹெர் கீகாக்ஸ் வந்தார்,
நீடாவிலிருந்து பஸ்ஸில்,
கூடையை மேலங்கிக்குள் அணைத்தபடி.
'உங்கள் பூனைக்கு வெட்ட ஒன்றுமில்லை,
உள்ளேயே கரைந்துவிடும்,' என்றேன்.
'கடிதத்தில் வாசித்தேன்,' என்றார்.
கதிரையில் இருந்தார்.
எழும்புகிற மாதிரித் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கணக்கு சொல்லும்,
இரண்டுக்கும் வித்தியாசமில்லை,
உள்தையலுக்கு நாலு நிமிடம் கூடுதல் என்று.
அன்று அது எனக்குத் தெரியாது.

பூனையை மல்லாத்தினேன்.
கோட்டின் மேலே மயிர் முளைத்திருந்தது,
பீச்சம்பழத் தோல்போல.
நுனியில் விரலை வைத்தால்
உள்ளே முடிச்சு,
கரையாமல், மீன்முள்ளின் துணுக்காய்.
'இன்னும் இருக்கிறது,' என்றேன்.
'எங்கே?'
அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டார்.
அழுத்திவிட்டார் போல,
பூனை சீறித் திரும்பி அந்த விரலைக் கடித்தது.

சிவப்பு, இரண்டு.
கசிவு, ஒரு துளி.
விளிம்பு விலகல் இல்லை.
பூனைக்கு எல்லாம் பூச்சியம்.