ஏறத்தாழ

ஜூலை முதல் தேதி ஆலை வாசலில்
ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்.
ஆர்டர் வரவில்லை, ஒரு மாதம் வேலையில்லை.
மசேருவின் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு
வரிசையில் நின்று வாசித்தோம்
சம்பளம் வாங்குவதுபோல.

நூலகத்தில் ஹீட்டர் உண்டு.
உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் போனேன்.
சும்மா உட்கார்ந்தால் செகொன்யானா முறைப்பார்.
எனவே கைக்கு எட்டியதை விரித்தேன்:
சுங்கவரி பற்றி ஒரு தடித்த அறிக்கை,
ஏதோ ஒரு நாட்டின் நிலவுரிமைத் தீர்ப்பு,
போன வருஷத்துச் செய்தித்தாள்கள் தைத்த கட்டு.

முதலில் படங்களை மட்டும் பார்த்தேன்.
பிறகு படங்களுக்குக் கீழே இருந்த பெயர்களை.
பெயர் இருப்பவர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.
பெயர் இல்லாதவர்கள்
இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள்.

ஒரு மணி நேரத்தில் எழுபது ஜீன்ஸுக்கு
ஜிப் தைப்பவள் நான்.
அதே ஒரு மணி நேரத்தில்
நான்கு பக்கம்தான் நகர்ந்தது.

எங்கள் மலைநீர் எல்லை தாண்டி விலைபோவது
எனக்கு முன்பே தெரியும்.
அதற்கு எத்தனை பக்கம் எழுதினார்கள் என்பதுதான் தெரியாது.
இரவு பொதுக்குழாயில் வாளியோடு நின்றபோது
லினேயோவிடம் சொன்னேன்.
"நீ படிச்சதால தண்ணி சீக்கிரம் வருமா?" என்றாள்.
வரவில்லை.

வேறொரு கண்டத்தில், ஒரு துறைமுகத்தில்
ஏழு நாளாக வேலைநிறுத்தம்.
எட்டாம் நாள் தாளில் அந்த இடத்தில் கால்பந்து.
வென்றார்களா என்று கட்டு முழுக்கத் தேடினேன்.
இன்னும் தெரியவில்லை.
சோறு ஆறும்போது சில நாள்
அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாதக் கடைசியில்
அறிக்கையின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
அடிக்குறிப்பு, எறும்பு அளவு எழுத்து:
வரி உயர்ந்தால் சில சிறிய நாடுகளில்
ஏறத்தாழ இரண்டாயிரம் பணியிடங்கள்
பாதிக்கப்படக்கூடும்.

ஏறத்தாழ.

அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு விலகினால்
எங்கள் தையலைப் பிரிக்கச் சொல்வார்கள்.
பிரித்த நேரத்துக்குக் கூலியில்லை.
என் மேஜையில் கிடக்கும் அளவு நாடாவில்
அப்படி ஒரு கோடு கிடையாது.

செகொன்யானா தேநீருக்கு எழுந்து போனார்.
பென்சிலை எடுத்தேன்.
மூன்றாம் வரிசை, பதினேழாம் இயந்திரம், கோத்தாட்சோ.
அது நான்.
பதினெட்டு, லினேயோ.
பத்தொன்பது, மாதாபோ, ஏழு மாதம்.
பட்டன் பிரிவு ந்தாதிசி, இடக்கையில் ஊசி ஏறிய தழும்பு.
ஓரம் தீர்ந்துவிட்டது.
மேலே போய், பக்க எண்ணைச் சுற்றி
இன்னும் ஆறு பேர்.

ஆகஸ்டில் பாதிப் பேரைத் திரும்ப அழைத்தார்கள்.
என்னை அழைத்தார்கள், லினேயோவை இல்லை.
எந்த நாற்காலி ஹீட்டருக்குப் பக்கம் என்று
அவளுக்குச் சொன்னேன்.
வேறென்ன சொல்ல?

நேற்று வந்து சொன்னாள்:
செகொன்யானா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டாராம்.
அபராதம் எழுதவில்லையாம், ரப்பரையும் எடுக்கவில்லையாம்.
கண்ணாடியை இறக்கி வெகுநேரம் வாசித்துவிட்டு
ஒரு பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத்
திருத்தினாராம்.
பேனாவால்.