நானூற்றுப் பதினேழு, கத்தரிப்பூ

முதல் கடையில் தைக்கிற நூல்தான்.
இரண்டாவது கடை மாலுக்குள்.
ஒரு பந்து மூன்றரை தினார் என்றாள் அந்தப் பெண்,
என் கம்பெனிச் சட்டையைப் பார்த்துவிட்டு, மெதுவாக.
மூன்றரை தினாருக்கு ஐந்து நாள் மதியச் சாப்பாடு, மீனோடு.
தொட்டேன், வைத்தேன்.
தொட்டதற்குக் காசு கேட்கவில்லை.

மூன்றாவது, மனாமா சூக்கில்,
அத்தர்க் கடைக்கும் சூட்கேஸ் கடைக்கும் நடுவே
ஓர் ஆள் அகலம்.
ஆகஸ்ட். வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே கூரை முட்டக் கம்பளி.
பார்த்த மாத்திரத்தில் கழுத்து வேர்த்தது.

சிகரெட்டை விட்டுப் பதினோரு நாள்.
கைகள் இரண்டும் வேலை போன ஆட்கள் மாதிரி
சட்டைப்பை வாசலில் போய்ப் போய் நின்றன.
அதற்குத்தான் இதெல்லாம்.
ஆனால் அதை இந்தியில் சொல்ல எனக்கு வராது.

கடைக்காரன் சொஹேல், சில்ஹெட் பக்கம், என் வயதிருக்கும்.
பின்னத் தெரியாது அவனுக்கு.
நூலை எடையால் தெரியும், எண்ணால் தெரியும்.
நானூற்றுப் பதினேழு என்று ஒரு சிட்டத்தை உருவிப் போட்டான்.
கத்தரிப்பூ என்றேன் நான்.
"கொத்ரிபூ" என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தான்.
பிறகு கேட்டான்: பீவிக்கா?
இல்லை.
குழந்தைக்கா?
முந்தின கேள்விக்கே இல்லை என்கிறேனே.
தராசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
இருநூறு ஃபில்ஸ் குறைத்தான்.

என் வேலை மைனஸ் பதினெட்டில்.
பிரேசில் கோழி, பெட்டி பெட்டியாக,
ஃபோர்க்லிஃப்டில் ஏற்றி இறக்குவது.
ஓ, ஃப்ரீசருக்கா, நல்ல யோசனை என்றார் சூப்பர்வைசர்.
ஃப்ரீசருக்குக் கம்பெனி கோட்டு இருக்கு சார்.
"அப்ப யாருக்குய்யா?"

இரவில் போர்வைக்குள் வீடியோ, சத்தமில்லாமல்.
ஏதோ பனி தேசத்துப் பெண். கைகள் மட்டும்.
இடது கட்டைவிரலில் ஒரு தீக்காயத் தழும்பு.
முகம் இன்றுவரை தெரியாது.
நுழை, சுற்று, இழு, கழற்று.
என் ஊசியில் இருபத்தெட்டுக் கண்ணிகள்
இருபத்தேழாகும், முப்பதாகும்,
எப்படி என்று கேட்காதீர்கள்.
நாலு விரற்கடை வளர்ந்ததும் ஒன்று நழுவி
அடிவரைக்கும் ஏணி போட்டு இறங்கிவிடும்.
அவிழ்ப்பேன்.
அவிழ்த்த நூல் நேராவதில்லை,
போன தப்பின் சுருளோடேயே வந்து ஊசியில் ஏறும்.
ஏழு தடவை.
தேதி தவறாமல் கணக்கெழுதுகிற எனக்கு
இப்படியொரு ஊதாரித்தனம்
பிடித்திருந்தது.

இரண்டாம் சிட்டம் வாங்கிய வெள்ளிக்கிழமை,
அதை உருண்டையாகச் சுற்ற ஆள் வேண்டும்.
"பொம்பள வேலை" என்று ஒரு மாசமாய்ச் சொல்லிவந்த
இருதயராஜிடம் கையை நீட்டு என்றேன்.
நீட்டிவிட்டான். அவனுக்கே ஆச்சரியம்.
கீழ்க்கட்டிலில் விலங்கு மாட்டியவன் போல் அவன்,
எதிரே தரையில் சுற்றிக்கொண்டு நான்.
நூல் வர வர அவன் மணிக்கட்டுகள்
இடமும் வலமும் சாய்ந்து கொடுக்கக் கற்றுக்கொண்டன.
பாதியில் அவன் போன் அடித்தது. ஊரிலிருந்து.
எடுத்துக் காதில் வைக்கட்டுமா?
"வேண்டாம், நீ சுத்து. சிக்கிக்கும்."
போன் அடித்து அடித்து, மெத்தையில் நகர்ந்து நகர்ந்து,
தலையணையில் முட்டி நின்றது.
கையை அவன் தாழ்த்தவேயில்லை.

நேற்று மறுபடி சூக்.
நானூற்றுப் பதினேழு வந்திருக்கிறது, ஆனால் வேறு சாயம்,
ஒரு பொட்டு வெளுப்பு.
பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பையிலிருந்ததை எடுத்தேன்.
சொஹேல் அதை இரண்டு கையாலும் வாங்கி
ஊசியோடு, தொங்குகிற நூலோடு
தராசில் கிடத்தினான்.
நூற்று அறுபத்திரண்டு என்றான்.
கொஞ்சம் யோசித்து,
ஊசியைக் கழித்தால் நூற்று நாற்பது என்றான்.