தலைக்கு மூன்று புள்ளி

பன்னிரண்டு பேர் தயாராகிவிட்டார்கள்.
இருபத்தெட்டு மில்லிமீட்டர் உயரம்,
கழுத்துவரை மூடிய கருஞ்சட்டை,
இடுப்பில் அகலப் பட்டை,
கன்னத்தில் ஒரு துளி இளஞ்சிவப்பு,
குளிர்நாட்டுக்காரர்கள் அல்லவா.
நடக்காத ஒரு முப்பத்தெட்டாம் ஆண்டில்
லண்டனைப் பிடித்துக்கொண்டவர்கள்.

பழையபேட்டை. நயாஸின் பஞ்சர் கடைப் பின்னறை.
ட்யூப் முக்கும் தொட்டிமேல் ஒட்டுப்பலகை,
அதன்மேல் ஓர் ஆங்கிலேய ஊர்.
தேவாலயம், மாத்திரை டப்பா.
இடிந்த சுவர்கள் மட்டும் அசல் கருங்கல்.
பாலிஷ் பட்டறையில் ஒரு பை சில்லு
சும்மாவே கொடுத்தார்கள்.

இனி இவர்கள் மோத
ஆள் வேண்டும்.

பெயின்ட் உலர வீட்டுக்குக் கொண்டுபோன அன்று
அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தார்.
"நம்ம ஆளுங்களாடா?"
அரூர் கூட்டத்துக்கான அவருடைய கருஞ்சட்டை
கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.
இது வேற கருப்புப்பா என்றேன்.
"கருப்புல என்னடா வேற?"
கார்த்திகை பிறந்தால்
எதிர்வீட்டு மாதேசும் கருப்புதான் உடுத்துவான்.
அவனிடமும் இதைக் கேட்டிருப்பார்.
பேச்சுவார்த்தை இல்லை.

ஜெர்மானியர் வேண்டாம்,
அவர்கள் இவர்களுக்குச் சம்பந்தி முறை.
செத்து எழுந்த பிணங்கள் நாற்பது இருக்கின்றன.
வேண்டாம்.
பிணத்தோடு மோதினால்
எவனும் நல்லவனாகத் தெரிவான்.
துறைமுகத் தொழிலாளிகள், தட்டைத் தொப்பி, எட்டுப் பேர்.
வேல்ஸ் சுரங்கக்காரர்கள், இருவருக்குக் கை இல்லை.
சைக்கிளோடு ஒரு பாதிரியார்.

விதிநூல் சொல்கிறது:
சீருடைக்காரனுக்கு மன உறுதி கூடுதல் இரண்டு.
சீருடை இல்லாதவன்
முதல் வெடிச்சத்தத்தில் ஆறங்குலம் பின்வாங்க வேண்டும்.
ஓரத்தில் நயாஸ் பென்சிலால் எழுதியிருக்கிறான்:
யார் சொன்னது?

அப்புறம்தான் அந்த வரி கண்ணில் பட்டது.
கருஞ்சட்டைப் பட்டியலின் அடியில்,
லாரிக்கும் மோப்ப நாய்க்கும் நடுவே,
இந்தியச் சிப்பாய்கள், தலைக்கு மூன்று புள்ளி.

நாய்க்கு நான்கு.

நயாஸ் எழுந்து போய்
யாருடைய ட்யூபையோ தண்ணீரில் அழுத்தினான்.
குமிழி வருகிற இடத்தையே பார்த்துக்கொண்டு
"நடக்காத கதையிலயும்
நம்மள அங்கதான் வச்சிருக்காங்க" என்றான்.

ராத்திரியோடு பத்துச் சிப்பாய்களை அச்செடுத்தான்.
கரண்ட் இரண்டுதரம் போனதில்
ஒருவன் பாதம் இல்லாமல் பிறந்தான்.

எதிரணியில் வை என்றேன்.
"துப்பாக்கி யார் குடுத்தது?"
அவங்க.
"சம்பளம்?"
அவங்கதான்.
"அப்ப எப்படி வைக்கிறது?"

ஒவ்வொரு சுற்றும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு பகடை,
ஆறு விழுந்தால் துப்பாக்கியைத் திருப்புவான் என்றேன்.
"ஆறு அநியாயம். நாலு."
நாலுன்னா எல்லாருமே திரும்பிடுவானுங்கடா.
"திரும்பட்டுமே."
மாட்டுச்சந்தை போலத்
துண்டு போர்த்தி விரல் பிடிக்காத குறை.
ஐந்தில் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் சுற்று.
பாதம் இல்லாதவனுக்குத்தான் விழுந்தது.
பஞ்சர் சொல்யூஷனில் ஒட்டவைத்தவன்,
கொஞ்சம் சாய்ந்தே நிற்பான்.
அவனைத் திருப்பி வைத்தேன்.
எதிரே பன்னிரண்டு கருஞ்சட்டை,
பின்னால் எங்கோ, சைக்கிளோடு பாதிரியார்.
இவனும் சீருடைக்காரன்தானே,
கூடுதல் இரண்டு இவனுக்கு உண்டா?
முன்னும் பின்னும் புரட்டினான் நயாஸ்.
விதியில் இல்லை.

மணி ஒன்பதரை. எனக்கு டோல்கேட்டில் இரவு ஷிப்ட்.
எதையும் நகர்த்தாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏழாம் லேனில்
தக்காளி ஏற்றிவந்த ராயக்கோட்டை லாரி.
டேக்கில் பணம் இல்லை.
சில்லறைக்கு நீட்டிய என் இடதுகையைப் பார்த்தார் டிரைவர்.
ஆட்காட்டி விரலில், நகக்கண்வரை கருப்பு.
"இங்க என்ன எலெக்சன்?" என்றார்.
ஒன்றும் இல்லை என்றேன்.
தடுப்புக்கட்டை மெல்ல எழுந்தது.
பின்னால் ஹாரன்.