மொழி என்ற கட்டம்

விண்ணப்பத்தில் ஆறாவது கேள்வி: மொழி.
பக்கத்தில் ஒரு கட்டம். ஒரு சொல்தான் பிடிக்கும்,
அதுவும் நுணுக்கி எழுதினால்.
அச்சகத்து செனரத் பேனையைக் காதில் செருகிக்கொண்டு
"தமிழா, சிங்களமா, மிஸ்?
ரெண்டும் போட்டா கொழும்பிலயிருந்து திரும்பி வந்துரும்" என்றார்.
பிறகு போடுவோம் என்றேன்.
முப்பத்திரண்டு பக்கம், நடுவில் இரண்டு பின்.
இதற்கு இவ்வளவு விசாரணை.

போன மழைக்காலம் முழுக்க
சிக்கானோக்களின் கவிதைகளைப் படித்துக்கொண்டிருந்தேன்,
யாரோ பிரதி எடுத்து, யாரோ ஓரத்தில் தேத்தண்ணி சிந்திய தாள்கள்.
தக்காளியும் ஸ்ட்ரோபெரியும் குனிந்து பறித்தவர்களின் பிள்ளைகள்
எழுதியவை.
ஒரு வரி ஸ்பானிஷில் ஏறி ஆங்கிலத்தில் இறங்கும்,
டிக்கட் எடுக்காமல்.
மடியில் அகராதியோடு இருந்த எனக்கு
எங்கள் பிரட்டுக்களம் கேட்டது:
கங்காணி ஒரு மொழியில் பேர் கூப்பிட
துரை இன்னொன்றில் ஏச
கொழுந்து எதையும் கேட்காமல் வளர்ந்த இடம்.

சனிக்கிழமை. தலவாக்கலை. டயர் கடைக்கு மேல்மாடி.
பதினொரு பிள்ளைகள், நாலு அம்மாமார்,
மழைக்கு ஒதுங்கிய ஒரு பஸ் கொண்டக்டர்.

முதல் பக்கத்தில் மல்லி.
"இருமலுக்கு அவிச்சுக் குடிக்கிறது" என்றாள் லோஜினி.
செனுரி ஒத்துக்கொள்ளவில்லை.
மூக்கொழுக உட்கார்ந்திருந்த தன் தம்பியை
கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்:
மல்லி என்றால் இது.
எல்லோரும் பார்த்தார்கள். அவனுக்கு வெட்கம்.
கொத்தமல்லி வாசம் இல்லை அவனிடம்,
பிஸ்கட் வாசம்.

ஓயா என்றால் ஆறு.
ஓயா என்றால் ஓயாத.
ஜன்னலுக்கு வெளியே
அணைகட்டி ஓயவைத்த கொத்மலை ஓயா.
அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டினேன்.

ஒன்பதில் ஒரு நீல வாளி.
இடப்பக்கம் வாளி, வலப்பக்கம் பால்திய.
பிள்ளைகள் இரண்டு பேரையும் வாயிலிட்டு உருட்டி
பீலிக்கரையில் இடம் மாறுவதுபோல் மாற்றி மாற்றிச் சொல்லி
சிரித்தபடி தாண்டிப் போனார்கள்.
கொண்டக்டர் தாண்டவில்லை.
ஒரு ஜூலையில் நடுரோட்டில் வாளியைத் தூக்கிக் காட்டி
இது என்ன, சொல்லு என்று கேட்ட கதை
அவர் வீட்டிலும் இருந்திருக்கும்.
கேட்ட பக்கமோ,
முதல் எழுத்திலேயே நாக்குத் தடுக்கிய பக்கமோ.
அவர் பேரை நான் கேட்கவில்லை.
பேரைக் கேட்பதும் அந்த நாளில் ஒரு வழியாகத்தான் இருந்தது.
நாலே வரி. பிள்ளைகள் அதில் தண்ணீர் அள்ளினார்கள்.
அவர் அடியில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்,
மழை விட்ட பிறகும்.

கடைசிப் பக்கம் முழுக்கச் சிங்களம்.
சுவரோரம் நின்ற லோஜினிக்குப் பிடிபடவில்லை.
"என்ன?" என்றாள், யாரையும் பார்க்காமல்.
செனுரி உடனே எழுந்து
ஈரச் செருப்புகளை மிதித்துக்கொண்டு போய்
அவள் பக்கத்தில் நின்றாள்.
அவள் மொழியில் அது 'வாங்க'.
கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்.
வந்தது ஏன் என்று லோஜினி கேட்கவில்லை,
கொஞ்சம் நகர்ந்து சுவரில் இடம் விட்டாள்.
நான் எழுதிய எந்தப் பக்கத்திலும்
அது இல்லை.

திங்கட்கிழமை விண்ணப்பத்தை நீட்டினேன்.
ஆறாவது கட்டத்தில் நுணுக்கி ஒரே சொல்:
என்ன.
செனரத் கண்ணாடியை இறக்கி
தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டினார்.
எ. ன். ன.
சத்தமாக ஒரு தரம் சொல்லிப் பார்த்தார்.
பிறகு, யாரை உள்ளே கூப்பிடுகிறேன் என்று
வாசலைத் திரும்பிப் பார்த்தார்.