இரண்டு மில்லி ஆம்பியர்

கிருதுமால் ஓரத்து அப்பளக் கம்பெனியில்
ஹீட்டர் அணைய மாட்டேன் என்கிறது.
இந்த மாசத்தில் மூணாவது தடவை.
"எல்லாம் நல்லாத்தான் ஓடுது, தம்பி.
போதும்னா மட்டும் கேக்க மாட்டேங்குது."
கருகிய தட்டைத் தூக்கிக் காட்டுகிறார் தனபாக்கியம்.

பேனலைத் திறந்து
இரண்டு ரிலேக்களையும் கழற்றி வைக்கிறேன்.
முனைகள் இரண்டிலும் வெள்ளிதான்.

ஹீட்டருக்குப் பதினைந்து ஆம்பியர் சுமப்பது
ஒவ்வொரு தடவையும் பொறி பறக்க முட்டி
அம்மைத் தழும்பாய்ப் பள்ளம் விழுந்து கிடக்கிறது.
ஆனாலும் பளிச்.
தன் அழுக்கைத் தானே எரித்துக்கொள்கிறது.

மற்றது
சூடு போதும் என்ற சேதியை மட்டும்
இரண்டு மில்லி ஆம்பியரில் கடத்துவது.
தேய்மானமே இல்லை, புதுசு மாதிரி.
சாக்கடைக் காற்று வந்து உட்கார்ந்து
கொலுசு கறுப்பதைப் போலக் கறுத்திருக்கிறது.
அந்த மெல்லிய படலத்தைக் கிழிக்க
அதன் குரலுக்குத் தெம்பு போதவில்லை.

உப்புத்தாள் தேய்த்தால் இன்றைக்குப் பேசும்,
பத்து நாளில் மறுபடி ஊமை.
போன இரண்டு தடவையும்
அப்படித் தேய்த்துவிட்டுக் காசு வாங்கியவன் நான்தான்.
அதைச் சொல்லவில்லை.

"தங்க முலாம் போட்ட முனை வாங்கணும்க்கா,
நானூத்தி எழுபது ஆகும்."
"தங்கமா? என் காதுலயே இல்ல."
சிரித்துக்கொண்டே டப்பாவில் சில்லறை தேடினார்.

டவுன்ஹால் ரோடு போய் வாங்கி வந்து மாட்டினேன்.
அறை சூடேறியது.
டிக்.
ஹீட்டர் அணைந்தது.

உருட்டுக் கட்டையோடு அப்படியே நின்றவர் கேட்டார்:
"இம்புட்டு மெதுவாவா
சொல்லிக்கிட்டு இருந்துச்சு?"