குழி எண் நான்கு

மூன்று நாள் கொடுத்திருந்தார்கள்.
கொசஸ்தலை கடலைத் தொடும் சதுப்பில்
அனல்மின் நிலையம் இன்னொரு கை நீட்டப்போகிற
நாற்பத்திரண்டு ஏக்கரில்
பழமை ஏதுமில்லை என்று
பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட.

இரண்டுக்கு இரண்டு மீட்டரில் நான்கு குழிகள்.
கயிறு, ஆணி, ரசமட்டம்,
மாசிலாவின் தேய்ந்த கரண்டி,
மூக்கில் கைக்குட்டை கட்டிய நான்.
காற்று அன்று சாம்பல் குளத்தின் பக்கமிருந்து.

முதல் மூன்றில் நண்டு வளை, ஊற்றுத் தண்ணீர்.
படமெடுத்து மூடிவிட்டோம்.

நான்காவது சங்குமேட்டில்.
மேடு என்பது பேச்சுக்கு,
முழங்கால் உயரம்கூட இல்லை.
அடுக்கு ஒன்று: சாம்பல், முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
அடுக்கு இரண்டு: களி. அதில் ஷாம்பு பாக்கெட்,
விலை இன்னும் படிக்க முடிகிறது.
அடுக்கு மூன்றில் மாசிலா கையை நிறுத்தினான்.
அடித்து இறுக்கிய தரை.
அடுப்புக்கல் மூன்று, நடுவில் கரி.
வலையில் கோர்க்கும் ஈயக்குண்டு, பதினொன்று.

நெஞ்சு ஒருமுறை எகிறியது, பொய் சொல்வானேன்.
பதினைந்து வருடமாகப்
பிறர் அறிக்கையில் ‘மற்றும் குழுவினர்’ நான்.
தூரிகையால் துடைத்தேன்.
நீலப்பூ போட்ட எனாமல் தட்டு.

பறியைப் பல்லில் கவ்வி இறால் தடவிக்கொண்டிருந்தவள்
கரையேறி வந்து எட்டிப் பார்த்தாள்.
பேர் தேசம்மாள் என்று பிறகு எழுதிக்கொண்டேன்.
“அது எங்க அடுப்பு.
அந்த மூலைல சொரண்டு, ஒரல் குழி கீதா பாரு.”
மாசிலா சுரண்டினான்.
இருந்தது.

நூறு வருடம் ஆகியிருந்தால்தான்
சட்டத்துக்குக் கண் தெரியும் என்றேன்.
“பெரியவன் வயித்துல இருக்கசொல்லோ எங்கள எழுப்பிட்டாங்க.
அவனுக்கு இப்ப முப்பத்தாறு.
அப்ப, இன்னும் அறுபத்திநாலு வருசம்
இங்கயே கெடந்திருந்தா நாங்க பழசு. அதானே?”

அதுதான்.

“அன்னிக்கும் இப்டித்தான் கயிறு கட்னாங்க.
கரண்ட்டு தரோம்னாங்க.”
தந்தார்களா?
“தந்தாங்களே. பில்லும் தந்தாங்க.”

பட்டியலில் ஏற்றினால்
குண்டுகள் உறைக்குள் போகும்,
உறை பெட்டிக்குள், பெட்டி ஏதோ மாடிப்படிக்குக் கீழே.
ஏற்றாவிட்டால் அவை வெறும் குப்பை,
குப்பையை யாரும் எடுத்துப் போகலாம்.
இரண்டையும் சொன்னேன் அவளிடம்.
அவள் யோசிக்கவே இல்லை. முந்தானையை விரித்தாள்.

‘அண்மைக்கால இடிபாடு. முக்கியத்துவம் இல்லை.’
என் கையெழுத்துதான்.
ரகோத்தமன் சார் பக்கத்தைப் புரட்டவில்லை,
கடைசித் தாளில் முத்திரை வைத்தார்.

ஆனால் அன்று மாலை அவள் போகவில்லை.
ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்து,
“பன்னெண்டு இருக்கணும்” என்றாள்.
சலித்த மண்ணை மாசிலா மறுபடி சலித்தான்.
ஓதம் ஏறி, குழியில் கணுக்கால் அளவு தண்ணீர்.
ரசமட்டத்தைத் தாண்டி இறங்கியவள்
குத்தவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.
சேற்றுக்குள் பத்து விரலும்
இறாலைத் தேடுகிற அதே மெதுவில்
அடுப்பைச் சுற்றி, உரல் குழியைச் சுற்றி,
எங்கள் அளவுக் கயிற்றுக்கு வெளியேயும் போய்,

நின்றன.

“அந்தாண்ட லைட்டு அடி” என்றாள்.