நான்காம் படிவம், ஐந்தாவது பாடவேளை

பாகாவ் டவுனில் மழை வராத செவ்வாய்.
மேசைமேல் சாட்சிகள்:
ஹக்கிமி வாங்கி வந்த தவ்ஹு,
பசார் மாலாமில் நான் பேரம் பேசிய சோளம்,
ஒரு பெட்டி சோயா பால்.

களைக்கொல்லி தெளித்தால் புல் கருகும்,
இந்தச் சோயா நிற்கும்.
உள்ளே ஒரு பாக்டீரியாவின் மரபணு.
மலாயில்தான் சொன்னேன்; தேர்வு மலாயில்.
பலகையின் நடுவே கோடு கிழித்தேன்,
நன்மை இந்தப் பக்கம், தீமை அந்தப் பக்கம்.
நான்கு மதிப்பெண், விட்டுவிடாதீர்கள்.

தனுசியாவின் கேள்வி மட்டும் தமிழில் வந்தது.
"டீச்சர், அத மனுசங்களுக்கு வைக்க முடியுமா?"

வகுப்பில் பாதி சிரித்தது.
நானும்தான், கொஞ்சம்.

"எங்கம்மா செம்பனைக் காட்டுல மருந்தடிக்கிறாங்க.
பதினெட்டு லிட்டர் பம்பு, முதுகுல.
நகம் விழுந்து விழுந்து முளைக்குது."

என்ன சொல்கிறாள், என்றாள் வெய் லிங்.
நகத்துக்கு மலாயில் சொல் தெரியும்,
முதுகுக்கும் தெரியும்.
வாய் திறந்தேன், வாக்கியம் வரவில்லை.

சோயா பெட்டி வியர்த்து
மேசையில் வட்டம் போட்டிருந்தது.
மார்க்கர் மூடியைக் கழற்றி
கோட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.
மணி அடித்தது.
ஒருவரும் எழவில்லை.